ஜூக்பாக்ஸ் காலத்துக் கன்ட்ரி பாடல்கள்: புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கன்ட்ரி இசை என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு ஜிம் ரீவ்ஸின் குழைந்த குரல் நினைவுக்கு வரும். இளையவர்களுக்கு, தொப்பியும் கிட்டாருமாக விளையாட்டரங்கங்களை நிரப்பும் இன்றைய நட்சத்திரங்கள். இந்தக் கட்டுரை இரண்டுக்கும் முந்தைய காலத்தைப் பற்றியது. 1941 முதல் 1953 வரை அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியது, வென்றது, வீடு திரும்பியது, மூச்சு விடுவதற்குள் கொரியாவுக்குக் கிளம்பியது. அந்த ஆண்டுகளில் தெற்கு மாநிலத்து உழைப்பாளிகள் கையில் இருந்த சில்லறையைக் கொடுத்துக் கேட்ட பாட்டுகள் இவை.

புதிதாக இதற்குள் வருகிறவர்கள் வழக்கமாக 'தலைசிறந்த நூறு' என்று யாரோ தொகுத்த பட்டியலைத் திறந்து, முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேட்கத் தொடங்குகிறார்கள். பத்துப் பாட்டு தாண்டுவதற்குள் எல்லாம் ஒன்றுபோல் ஒலிக்கிறது: மூக்கால் பாடும் ஒருவர், அழும் பிடில், போய்விட்ட பெண். பட்டியலை மூடிவிடுகிறார்கள். தவறு பாட்டில் இல்லை. இவை எதுவும் காதுக்கருவி மாட்டிக்கொண்டு அமைதியான அறையில் அடுத்தடுத்துக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இடம் இருந்தது: மதுக்கூடம், நடனக்கூடம், சனிக்கிழமை இரவு வானொலி, திரையரங்கம். எந்தப் பாட்டு எந்த இடத்துக்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் அவற்றின் முகங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு யோசனையிலிருந்து வந்தவைதான்.

முதல் படி: ஒரே ஒரு பாட்டு

எர்னஸ்ட் டப் பாடிய 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ'. 1941 ஏப்ரலில் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக டெக்சாஸின் டாலஸ் நகரில் பதிவானது. மனைவி விட்டுப் போய்விட்டாள். தூக்கம் வராமல் ஒருவன் அறைக்குள் மேலும் கீழும் நடக்கிறான். அவ்வளவுதான் கதை.

டப் பெரிய பாடகர் அல்லர். சுருதி கீழே சரியும். மதுக்கூடத்தில் என் பாட்டைக் கேட்கும் ஆண்கள் பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் 'இவனைவிட நான் நன்றாகப் பாடுவேன்' என்பார்கள், அது உண்மையும்கூட என்று அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஆரம்பத்தில் அவர் கன்ட்ரி இசையின் முன்னோடிப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸை அப்படியே பின்பற்றிப் பாடியவர். குரலை உடைத்து உடைத்து மேலே தூக்கும் யோடல் பாணி அவருக்கும் கைவந்திருந்தது. 1939இல் தொண்டையில் டான்சில் அறுவை சிகிச்சை நடந்தபின் யோடல் போயிற்று. மிச்சம் இருந்த நேரான, பேச்சை ஒட்டிய குரலை வைத்துக்கொண்டு அவர் தமக்கென ஒரு வழி கண்டார். அந்த வழியில்தான் பிறகு ஒரு தலைமுறையே நடந்தது.

இப்போது கிட்டாரைக் கவனியுங்கள். மாலையில் கூட்டம் வந்துவிட்டால் டப்பின் தட்டுகள் காதில் விழுவதில்லை என்று ஜூக்பாக்ஸ் நடத்துகிறவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். காசு போட்டால் பாடும் அந்தப் பெட்டிகள்தான் அன்று தட்டுகளை மொத்தமாக வாங்கிய பெரிய வாடிக்கையாளர்கள். அதனால் இந்தப் பதிவில் மின்கிட்டார் நுழைந்தது. அது வித்தை எதுவும் காட்டுவதில்லை. மெட்டை அப்படியே, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெரியும்படி வாசிக்கிறது. கண்ணாடிக் குவளைகள் மோதும் சத்தத்தையும் சிரிப்பையும் வாக்குவாதத்தையும் ஊடுருவி வெளியே வரவேண்டிய ஒலி அது.

எனவே இந்தப் பாட்டை முதல் தடவை காதுக்கருவியில் கேட்காதீர்கள். சின்ன ஒலிபெருக்கியில், சமையலறையில் வேலை நடக்கும்போது ஓடவிடுங்கள். இரண்டாம் தடவை கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். மூன்றாம் தடவை சொற்களைக் கவனியுங்கள். துக்கமான விஷயம், ஆனால் தாளம் காலை ஆட்டச் சொல்கிறது. மதுக்கூடப் பாட்டின் இலக்கணமே இந்த முரண்தான். அழுதுகொண்டே ஆட முடிய வேண்டும். இல்லையென்றால் யாரும் அடுத்த காசைப் போடமாட்டார்கள்.

இரண்டாம் படி: நான்கு இடங்களைப் பிரித்தறிதல்

மதுக்கூடம் ஆயிற்று. டெக்சாஸ் எண்ணெய் வயல் ஊர்களில், மதுவிலக்கு நீங்கிய 1933க்குப் பிறகு பெருகிய சாலையோரக் கூடங்களுக்கு ஹான்கி டான்க் என்று பெயர். அங்கே வளர்ந்த பாணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. டப்புடன் டெட் டாஃபனின் 'பார்ன் டு லூஸ்', ஆல் டெக்ஸ்டரின் 'பிஸ்டல் பேக்கின் மாமா' இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். டெக்ஸ்டர் தாமே மதுக்கூடம் நடத்தியவர். கையில் துப்பாக்கியுடன் கணவனைத் தேடி வரும் மனைவியைக் கெஞ்சும் அந்தப் பாட்டு 1943இல் நாடெங்கும் ஒலித்தது. பில்போர்ட் பத்திரிகை 1944 ஜனவரியில் ஜூக்பாக்ஸ் நாட்டுப்புறப் பாட்டுகளுக்கென்று தனிப்பட்டியல் தொடங்கியபோது உச்சியில் நின்றது இந்தப் பாட்டுதான். அன்றைய பெரிய பாப் நட்சத்திரம் பிங் கிராஸ்பிகூட அதைப் பாடிப் பதிவு செய்தார்.

நடனக்கூடம் வேறு உலகம். பாப் வில்ஸும் அவருடைய டெக்சாஸ் பிளேபாய்ஸ் குழுவும் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கெயின்ஸ் பால்ரூமை மையமாக வைத்து வாசித்தார்கள். 1940இல் வந்த 'நியூ சான் அன்டோனியோ ரோஸ்' பாட்டைப் போட்டால், இது கன்ட்ரிதானா என்று சந்தேகம் வரும். பிடில் இருக்க வேண்டிய இடத்தில் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் நிற்கின்றன. பாடுகிறவர் டாமி டங்கன். வில்ஸ் பக்கத்தில் நின்று, உற்சாகம் தாங்காமல் உச்சக் குரலில் 'ஆஹா' என்று கூவுவார். வாசிப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு இந்தக் கூவல் இல்லாத வில்ஸ் பதிவு சப்பென்று இருக்கும். பருத்திக் காட்டில் கறுப்பினத் தொழிலாளர்களோடு வளர்ந்து அவர்களிடம் ப்ளூஸ் கேட்டவர் வில்ஸ்; ஊர்ப் பிடிலை ஜாஸோடு சேர்த்து, ஆயிரம் பேர் ஆடும் கூடத்தை நிரப்பினார். வெஸ்டர்ன் ஸ்விங் என்று சொல்வது இதைத்தான். போர்த் தொழிற்சாலை வேலை தேடித் தெற்கத்தியர் கலிபோர்னியாவுக்குக் குவிந்தபோது இந்த இசையும் அவர்களோடு போயிற்று. டெக்ஸ் வில்லியம்ஸ் 1947இல் பேசிப் பேசியே பாடிய, புகைபிடிப்பவர்களைக் கேலி செய்யும் 'ஸ்மோக்! ஸ்மோக்! ஸ்மோக்!' அந்தக் கலிபோர்னியா வகையின் நல்ல மாதிரி.

மூன்றாவது வானொலி மேடை. நாஷ்வில் நகரின் டபிள்யூ.எஸ்.எம். நிலையம் 50,000 வாட் சக்தியோடு சனிக்கிழமை இரவில் ஒலிபரப்பிய 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சி 1943இல் ரைமன் அரங்குக்குக் குடிபெயர்ந்தது. மத ஊழியக் கூட்டங்களுக்காகக் கட்டப்பட்ட, மரப் பெஞ்சுகள் போட்ட கட்டடம் அது. மேடையில் டிரம்ஸுக்கு நெடுங்காலம் இடமில்லை. அந்த மேடையின் நாயகன் ராய் அகஃப். 'ரெக் ஆன் த ஹைவே' பாட்டைக் கேளுங்கள்: சாலை விபத்து, ரத்தத்தோடு கலந்த விஸ்கி, யாரும் பிரார்த்தனை செய்யவில்லையே என்ற புலம்பல். மதுக்கூடத்தில் இது ஓடாது. வீட்டில் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு இது பாதிப் பாட்டு, பாதிப் பிரசங்கம்.

திரை என்பது ஜீன் ஆட்ரி, ராய் ராஜர்ஸ் போன்ற பாடும் கௌபாய் நடிகர்கள். குதிரை, மேய்ச்சல் நிலம், மாலைச் சூரியன். பெயரில் வரும் 'வெஸ்டர்ன்' பெரும்பாலும் இங்கிருந்து வந்தது. இதில் நான் ஒரே ஒரு பாட்டைக் கட்டாயம் என்பேன்: சன்ஸ் ஆஃப் த பயனியர்ஸ் குழுவின் 'கூல் வாட்டர்'. பாலைவனத்தில் தாகத்தோடு தள்ளாடும் மனிதனும் கோவேறு கழுதையும், பின்னால் எதிரொலி மாதிரி 'வாட்டர், வாட்டர்' என்று வரும் ஒத்திசைக் குரல்களும். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: போர் எப்படி உள்ளே வந்தது

இங்கே கொஞ்சம் வரலாறு தெரிந்தால் குழப்பம் குறையும். 1941இல் பாடலாசிரியர் சங்கமான ஆஸ்காப்புக்கும் வானொலி நிலையங்களுக்கும் கட்டணச் சண்டை. பல மாதங்கள் ஆஸ்காப் பாட்டுகள் வானொலியில் ஒலிக்கவே இல்லை. நிலையங்கள் தாமே தொடங்கிய பி.எம்.ஐ. என்ற போட்டி அமைப்பு, நியூயார்க் பாட்டு வியாபாரிகள் சீந்தாத தெற்கத்திப் பாடலாசிரியர்களுக்குக் கதவைத் திறந்தது. அடுத்த ஆண்டே ராய் அகஃபும் ஃப்ரெட் ரோஸும் சேர்ந்து நாஷ்வில்லில் அகஃப்-ரோஸ் என்ற பாட்டுப் பதிப்பகத்தைத் தொடங்கினார்கள்.

1942 ஆகஸ்ட் 1 அன்று இசைக்கலைஞர் சங்கம் பதிவுகளை நிறுத்தி வேலைநிறுத்தம் செய்தது. டெக்கா 1943இல் சமரசம் செய்துகொண்டது. மற்ற பெரிய நிறுவனங்களான கொலம்பியாவும் விக்டரும் 1944 நவம்பர் வரை இழுத்தன. அதனால் கொலம்பியா குழுமத்தின் ஒரு தட்டில் 1943 என்று ஆண்டு போட்டிருந்தால் அது பெரும்பாலும் வெளியான ஆண்டு; பாடியது அதற்கு முன்னால். மேலே சொன்ன டெக்ஸ்டர் பாட்டும் டாஃபன் பாட்டும் 1942இன் தொடக்கத்திலேயே பதிவாகிக் காத்திருந்தவை.

போதாக்குறைக்குத் தட்டு செய்யப் பொருள் இல்லை. அன்றைய 78 சுழற்சித் தட்டுகளுக்கு அடிப்படை அரக்கு. அது போனது இந்தியாவிலிருந்து, முக்கியமாகச் சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்து. கப்பல் வழி ஆபத்தாகிவிட்டது; வெடிபொருள் தயாரிப்புக்கும் அரக்கு தேவைப்பட்டது. 1942இல் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்கைக் கடுமையாகக் குறைத்தது. பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதிய தட்டு என்று கடைகள் சொல்லும் நிலை வந்தது. இத்தனை தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் இந்தப் பாட்டுகள் விற்றன என்றால் காரணம் ராணுவ முகாம்கள். வடக்கத்தி இளைஞன் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த டென்னசிக்காரனின் பாட்டை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டான். டெட்ராய்ட், பால்டிமோர் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன தெற்கத்தியர்களும் தங்கள் பாட்டை அந்த ஊர் ஜூக்பாக்ஸ்களுக்குக் கொண்டுபோனார்கள்.

போர்ப் பாட்டுகளை வந்த வரிசையிலேயே கேட்பது நல்லது. நாட்டின் மனநிலை மாறுவது அதில்தான் தெரியும்.

முதலில் எல்டன் பிரிட்டின் 'தேர்ஸ் எ ஸ்டார் ஸ்பாங்கில்ட் பேனர் வேவிங் சம்வேர்', 1942. கால் ஊனமான மலைநாட்டு இளைஞன் தன்னையும் போருக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கிறான். பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பாட்டு. இன்றைய காதுக்குக் கொஞ்சம் திகட்டும். ஆனாலும் தொடக்கம் இதுதான். அடுத்து 1944இல் ரெட் ஃபோலி பாடிய 'ஸ்மோக் ஆன் த வாட்டர்'. இதே பெயரில் பின்னாளில் வந்த ராக் பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை, தேடும்போது கவனம். எதிரி நாடுகள் எரிந்து சாம்பலாகும் என்று துள்ளல் தாளத்தில் ஆரூடம் சொல்கிறது. 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் நடந்தது தெரிந்த ஒருவரால் இதை நிம்மதியாகக் கேட்க முடியாது. பட்டியலிலிருந்து தள்ளிவிடவும் நான் சொல்லமாட்டேன்.

அதே 1944இல் டப் பாடிய 'சோல்ஜர்ஸ் லாஸ்ட் லெட்டர்' எதிர்த்திசையில் நிற்கிறது. போர்முனையிலிருந்து மகன் எழுதிய கடிதம் தாய்க்கு வருகிறது. பிரிக்கிறாள், படிக்கிறாள், கடைசியில் கையெழுத்து இல்லை. அவளுக்குப் புரிந்துவிடுகிறது. இதை எழுதியவர் ரெட் ஸ்டூவர்ட், அப்போது தாமே சீருடையில் இருந்தவர். டப்பின் சத்தமில்லாத குரலுக்கு இந்தப் பாட்டு மிகப் பொருந்தும். சுருதி சரிவதுகூட இங்கே பாட்டின் பக்கம் நிற்கிறது.

1945இல் ஜீன் ஆட்ரியின் 'அட் மெயில் கால் டுடே' வந்தது. இதுவும் கடிதப் பாட்டுதான். ஆனால் காதலி எழுதியது, உறவு முடிந்தது என்று. ஆட்ரி அட்டைக் கத்தி வீரர் அல்லர். 1942இல் ராணுவ விமானப்படையில் சேர்ந்து சீனா-பர்மா-இந்தியா போர்முனையில் சரக்கு விமானம் ஓட்டியவர். இதன் தொடர்ச்சியைக் கேட்க எட்டு ஆண்டு தாண்டிக் குதியுங்கள்: கொரியப் போரின்போது 1953இல் ஜீன் ஷெப்பர்டும் ஃபெர்லின் ஹஸ்கியும் சேர்ந்து செய்த 'எ டியர் ஜான் லெட்டர்'. இந்தத் தடவை காதலி மணக்கப்போவது சிப்பாயின் சொந்த அண்ணன் தம்பிகளில் ஒருவனை. ஷெப்பர்ட் அப்போது சட்டப்படி மேஜராகாத பெண். வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போக ஹஸ்கியைக் காப்பாளராக நியமிக்க வேண்டியிருந்தது.

கடைசியாக 'ரெயின்போ அட் மிட்நைட்', டப், 1946. கப்பலில் வீடு திரும்பும் சிப்பாய், நள்ளிரவு வானவில்லில் தன் எதிர்காலத்தைப் பார்க்கிறான். இதைக் கேட்டுவிட்டு, திரும்பி வந்த வீடுகளில் என்ன நடந்தது என்று அறிய ஃப்ளாய்ட் டில்மனின் 'ஸ்லிப்பிங் அரவுண்ட்' போதும். 1949. மணமான இருவரின் கள்ள உறவை வெளிப்படையாக, தீர்ப்பு எதுவும் சொல்லாமல் பாடியது. 1949 ஜூனில் பில்போர்ட் தன் பட்டியலுக்குக் 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று பெயர் மாற்றியதும் இதே ஆண்டில்தான்.

நான்காம் படி: ஸ்டீல் கிட்டாரைக் காதில் பிடித்தல்

அழுவது போல் வழுக்கிச் செல்லும் அந்த ஒலியின் பூர்வீகம் ஹவாய்த் தீவுகள். கிட்டாரைப் படுக்கவைத்து, தந்தி மீது உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். நம் பழைய திரைப்பாடல்களில் ஹவாயன் கிட்டார் என்று கேட்டுப் பழகியதன் உறவுக்காரர்தான்.

பயிற்சிக்கு இரண்டு பாட்டு. ஒன்று, ஹாங்க் வில்லியம்ஸின் 'கோல்ட், கோல்ட் ஹார்ட்', 1951. வாசிப்பவர் டான் ஹெல்ம்ஸ். பெடல் இல்லாத கருவி. உச்சத் தந்திகளிலேயே உலவும், கூர்மையான ஒலி. இரண்டு, வெப் பியர்ஸின் 'ஸ்லோலி', 1954. இங்கே பட் ஐசக்ஸ் காலால் பெடலை மிதிக்க, ஒரு சுரம் நின்ற இடத்தில் நிற்கிறது, அதே நேரத்தில் பக்கத்துச் சுரம் மேலே வளைகிறது. கையால் மட்டும் இதைச் செய்ய முடியாது. பாட்டின் முதல் சில நொடிகளிலேயே வித்தியாசம் கேட்டுவிடும். நாடெங்கும் இருந்த ஸ்டீல் கலைஞர்கள் இதைக் கேட்டுவிட்டுத் தங்கள் கருவிகளில் பெடல் பொருத்தத் தொடங்கினார்கள். நாம் எடுத்துக்கொண்ட காலத்துக்கு ஓர் ஆண்டு பிந்திய பாட்டு இது; ஆனால் அதற்கு முந்தைய ஒலி எப்படி இருந்தது என்பதை இதை வைத்துத்தான் தெளிவாக அறிய முடியும்.

ஐந்தாம் படி: ஒரு மெட்டு, நான்கு பாட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரே மூச்சில், இந்த வரிசையில்.

கார்ட்டர் குடும்பம் 1929இல் பதிவு செய்த 'ஐயம் திங்கிங் டுநைட் ஆஃப் மை ப்ளூ ஐஸ்'. கடல் கடந்த காதலனை நினைக்கும் பெண். பிறகு ராய் அகஃபின் 'த கிரேட் ஸ்பெக்கில்ட் பேர்ட்', 1936. அதே மெட்டு, பைபிளில் வரும் புள்ளிப் பறவை திருச்சபைக்கு உருவகமாகிறது. மூன்றாவது ஹாங்க் தாம்சனின் 'த வைல்ட் சைட் ஆஃப் லைஃப்', 1952. மீண்டும் அதே மெட்டு. வீட்டை விட்டு மதுக்கூட விளக்குகளுக்குப் போய்விட்ட மனைவியைப் பார்த்து, உன்னைப் போன்றவர்களைக் கடவுளே படைத்திருக்கிறார் என்று தெரியாமல் போயிற்றே என்று கணவன் பாடுகிறான். 15 வாரம் முதலிடம்.

நான்காவது அதற்கு வந்த எசப்பாட்டு. கிட்டி வெல்ஸ், 'இட் வாஸன்ட் காட் ஹூ மேட் ஹான்கி டான்க் ஏஞ்சல்ஸ்'. 1952 மே மாதம் நாஷ்வில்லில் பதிவானது. எழுதியவர் ஜே. டி. மில்லர். மதுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் காதில் ஜூக்பாக்ஸிலிருந்து தாம்சனின் பாட்டு விழுகிறது. அவள் பதில் சொல்கிறாள்: பழியைக் கடவுள் மேல் போடாதே, மணமானதையே மறந்துவிட்டுத் திரியும் ஆண்கள்தான் எத்தனையோ நல்ல பெண்களைக் கெடுத்தார்கள்.

வெல்ஸுக்கு அப்போது 32 வயது. பிள்ளைகளைப் பெற்றவர், பாட்டை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்திருந்தார். பதிவுக்கு வந்தால் கிடைக்கும் 125 டாலருக்காக ஒப்புக்கொண்டார். குரலில் கோபத்தைத் தேடினால் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயத்தில் பாடுவது போல் நேராக நின்று பாடுகிறார். அதனால்தான் குத்துகிறது. என்.பி.சி. வானொலி ஒலிபரப்ப மறுத்தது. ஆனாலும் பில்போர்ட் கன்ட்ரிப் பட்டியலில் தனியாகப் பாடி முதலிடம் பிடித்த முதல் பெண் ஆனார்.

நான்கையும் கேட்டு முடித்தபின் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். மெட்டை யாரும் மறைக்க முயலவில்லை. மதுக்கூடத்தில் இருந்தவர்களுக்கும் அது காதல் பாட்டாக, பக்திப் பாட்டாக முன்பே தெரியும். அந்தப் பழைய சாயல்களெல்லாம் வெல்ஸின் குரலுக்கு அடியில் ஒலித்துக்கொண்டிருந்தன.

ஆறாம் படி: ஹாங்க் வில்லியம்ஸ்

எல்லோரும் இவருடைய சாவிலிருந்து தொடங்குகிறார்கள். 1953 புத்தாண்டு நாள், ஒஹையோவின் கான்டன் நகரக் கச்சேரிக்குப் போகும் வழியில், காடிலாக் காரின் பின்னிருக்கையில், 29 வயதில். நல்ல கதை, ஆனால் பாட்டுகளுக்குக் கெடுதல். அதைத் தெரிந்துகொண்டு கேட்டால் எல்லாப் பாட்டும் மரண வாக்குமூலமாகிவிடுகிறது. ஹாங்க் உண்மையில் நல்ல சிரிப்புக்காரர்.

ஆகவே 'மூவ் இட் ஆன் ஓவர்' பாட்டிலிருந்து தொடங்குங்கள், 1947. நேரம் கழித்து வீட்டுக்கு வந்தவனை மனைவி உள்ளே விடவில்லை; நாய்க் கூண்டுக்குப் போய், தம்பி கொஞ்சம் தள்ளிப் படு என்கிறான். ப்ளூஸ் துள்ளல். அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப் பாடகரிடம் கற்றது இந்தப் பாட்டில் நேராகக் கேட்கும். அடுத்து 'லவ்சிக் ப்ளூஸ்'. இது அவர் எழுதியது அல்ல. 1920களின் நாடகமேடைப் பாட்டு. பதிப்பாளர் ஃப்ரெட் ரோஸுக்கு இதைப் பதிவு செய்வதில் விருப்பமே இல்லை. ஹாங்க் பிடிவாதம் பிடித்தார். 1949இல் 16 வாரம் முதலிடம். அந்த ஜூனில் ஆப்ரி மேடையில் இதைப் பாடியபோது கூட்டம் மீண்டும் மீண்டும் பாடச் சொல்லி விடவில்லை.

அதற்குப் பிறகு 'ஐயம் சோ லோன்சம் ஐ குட் க்ரை'. 1949இல் இது ஒரு தட்டின் பின்பக்கமாக, ஒரு வேடிக்கைப் பாட்டுக்குத் துணையாக வந்தது என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். பறக்கத் தெம்பில்லாத இரவுப் பறவை, நள்ளிரவு ரயில், மேகத்துக்குப் பின்னால் போய் அழும் நிலவு. எதற்காக இந்தத் தனிமை என்று பாட்டு சொல்வதே இல்லை; அவள் போய்விட்டாள் என்ற ஒற்றை வரிகூட இல்லை. வால்ட்ஸ் தாளம், அவசரமில்லாத பிடில். 'லோன்சம்' என்ற சொல்லின் நடுவில் குரல் எந்த இடத்தில் உடைகிறது என்று ஒவ்வொரு சரணத்திலும் கவனியுங்கள்.

இவற்றுக்குப் பின் 'ஹே குட் லுக்கின்', 'ஜம்பலாயா', இறந்தபின் வெளியான 'யுவர் சீட்டின் ஹார்ட்' எல்லாம் தாமாக வந்து சேரும். ஒன்றை மட்டும் தேடிப் பிடியுங்கள்: 1951இல் ஒரு மாவுக் கம்பெனி விளம்பரத்துக்காக டபிள்யூ.எஸ்.எம். நிலையத்தில் அவர் செய்த காலை நிகழ்ச்சிகள். 'மதர்ஸ் பெஸ்ட்' பதிவுகள் என்ற பெயரில் கிடைக்கின்றன. மாவைப் புகழ்கிறார், குழுவினரைக் கிண்டல் செய்கிறார், நடுவில் ஒரு பக்திப் பாட்டு.

ஹாங்குக்கு இணையாக அந்நாளில் நின்றவர் லெஃப்டி ஃப்ரிஸல். 'இஃப் யூ'வ் காட் த மணி ஐ'வ் காட் த டைம்', 1950. ஒரே உயிரெழுத்தை இரண்டு மூன்று சுரங்களுக்கு மேல் வளைத்து இழைப்பார்; கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இவர் உடனே பிடித்துப்போவார். வேகம் வேண்டுமென்றால் கனடாவிலிருந்து வந்த ஹாங்க் ஸ்னோவின் 'ஐயம் மூவின் ஆன்', அதே 1950, 21 வாரம் முதலிடம். அலபாமாவிலிருந்து சரக்கு ரயிலேறிக் கலிபோர்னியா போன குத்தகை விவசாயக் குடும்பத்தின் பிள்ளைகளான மேடாக்ஸ் பிரதர்ஸ் அண்ட் ரோஸ் குழுவையும் விட்டுவிடாதீர்கள். ரோஸின் தொண்டைக்கு முன் நாஷ்வில் ஆண்கள் பலர் பூனைக்குட்டிகள்.

ஏழாம் படி: அசல் பதிவைக் கண்டுபிடித்தல்

புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடம் இதுதான். டப், வெல்ஸ் போன்ற பலர் 1950களின் பிற்பாதியிலும் 1960களிலும் தங்கள் பழைய வெற்றிப் பாட்டுகளை மறுபடியும் பாடிப் பதிவு செய்தார்கள். இணைய இசைச் செயலிகளில் மலிவுத் தொகுப்புகள் அந்த மறுபதிவுகளை அசல் ஆண்டின் பெயரிலேயே நிரப்பி வைத்திருக்கின்றன. 1952க்கு முந்தைய பாட்டு என்று போட்டுவிட்டு இடது காதில் கிட்டார், வலது காதில் பிடில் என்று பிரிந்து கேட்டால் அது மறுபதிவு. பின்னால் மெல்லிய கோரஸ் 'ஊ' என்று இழுத்தால் அதுவும் பெரும்பாலும் பின்னாளையது. ஹாங்க் வில்லியம்ஸின் பதிவுகள் மீது அவர் இறந்தபின் அவருடைய நிறுவனமே 1960களில் வயலின் கூட்டத்தை ஏற்றி வெளியிட்டது. குரல் அசல், மற்றது சர்க்கரைப் பாகு. தவிர்த்துவிடுங்கள்.

பதிவு தேதியைச் சரிபார்க்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்டா பார்பரா வளாகம் நடத்தும் அமெரிக்க வரலாற்றுப் பதிவுகளின் விவரப்பட்டியல் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பாடகர் பெயர் கொடுத்தால் நாள், ஊர், சில சமயம் வாசித்தவர் பெயர்வரை வரும். காசு செலவழிக்கத் தயார் என்றால் ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனத் தொகுப்புகள் நம்பகமானவை; விலை கையைக் கடிக்கும். 78 தட்டிலிருந்து நேரே எடுத்த பதிவுகளில் இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலை முழுக்கத் துடைத்த பதிப்புகளில் ஸ்டீல் கிட்டாரின் கூர்மையும் சேர்ந்து துடைபட்டுப் போகிறது. கொஞ்சம் இரைச்சலோடு இருப்பதையே எடுங்கள். இரண்டாவது பாட்டில் காது பழகிவிடும்.

இதற்குமேல் போக

பிடிலும் பாஞ்சோவும் வேகமாக ஓடும் பில் மன்றோவின் ப்ளூகிராஸ் இசையை வேண்டுமென்றே விட்டுவைத்தேன். 1946இல் எர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோவோடு அவர் செய்த பதிவுகள் தனிக் கட்டுரைக்கு உரியவை. அதுபோல் ஆப்ரியின் தொடக்ககால நட்சத்திரமும், 1941இல் நிகழ்ச்சியிலிருந்து நீக்கப்பட்டவருமான கறுப்பின ஹார்மோனிகாக் கலைஞர் டெஃபோர்ட் பெய்லி. இந்த இசையின் வேர்களில் எத்தனை கறுப்பினக் கைகள் இருந்தன, பட்டியல்களில் எத்தனை குறைவாக இருந்தன என்பதைத் தேடிப் போகிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம்.

காலத்தில் முன்னால் போக விரும்புகிறவர்களுக்கு அடுத்த நிறுத்தம் ரே பிரைஸ். ஹாங்கோடு ஒரே வீட்டில் குடியிருந்தவர், அவர் இறந்தபின் அவருடைய குழுவினரையே வைத்துக்கொண்டு பாடியவர். முதலில் ஹாங்கை அச்சடித்தது போல் பாடினார். 1956இல் 'க்ரேஸி ஆர்ம்ஸ்' பாட்டில் பேஸ் கிட்டார் நடைபோட, பிடில் தனியாக மேலே நிற்க, ஷஃபிள் தாளத்தோடு சொந்தக் குரல் வந்தது. ராக் அண்ட் ரோல் வந்து எல்லோரையும் அடித்துப்போட்ட அந்த ஆண்டில் 20 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. முதலில் அவருடைய 1952, 1953 பதிவுகள் இரண்டைக் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள்.